முன்னால ஓடுனது யாரு மாவு?

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். எங்கள் மாவு மில்லுக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகை. அதன்மேல் இவர் நடந்து போய்க்கொண்டிருக்கிறார், தலையில் ஒரு டின், இடுப்பில் ஒரு டின். இரண்டிலும் அப்போதுதான் அரைத்த ஈர அரிசி மாவு.

நான் மில் வாசலில் நின்று, "மெதுவாப் போங்க, பாத்துப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"நீ போடுத சத்தத்துலதான் கால் நடுங்குது" என்றார் திரும்பாமலே. அடுத்த அடியில் வழுக்கிவிட்டார்.

அவர் முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்றார். டின்கள் இரண்டும் பள்ளத்துக்குள் உருண்டு கிடந்தன. எனக்கு முதலில் அவர் காலைப் பற்றித்தான் பயம். அவருக்கு டின்னைப் பற்றி.

'இவர், இவர்' என்று எழுதுகிறீர்களே, பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று என் போன கட்டுரையைப் படித்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஒன்றும் குறையாது அம்மா. கட்டியவர் பேரைச் சொல்லி நாக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். ஊரெல்லாம் அவரை அண்ணாச்சி என்கிறது. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பேர் எழுதாத டின்கள்

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் மில் இருக்கும் சாலையில் பாதிப் பேர் அதைச் சக்கி என்பார்கள். நம் ஆட்களுக்கு மில்லு. அரிசிக்கு ஒரு மெஷின், மிளகாய் மல்லிக்கு ஒரு மெஷின். மேலே மச்சில் எங்கள் குடித்தனம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே எனக்குத் தொண்டை இப்படி ஆகிவிட்டது. ஃபோனில் பேசுகிறவர்கள் நான் சண்டைக்கு வருகிறேன் என்று நினைக்கிறார்கள். சில சமயம் அது உண்மைதான்.

அரிசி கொண்டுவருகிற எல்லோரிடமும் ஒரே மாதிரி டின்தான் இருக்கும். பழைய எண்ணெய் டின். தாராவிப் பக்கம் அதை ஒடுக்கெடுத்து, கழுவிக் காயவைத்து விற்கிறார்கள். பேர் எழுதி ஒட்டுகிற வழக்கமெல்லாம் எங்களிடம் கிடையாது. டின்னின் வாயை ஒரு துணியால் மூடிக் கட்டுவார்கள். பழைய சேலையில் கிழித்த துணி. அதுதான் அடையாளம். அந்தச் சேலை புதுசாக இருந்தபோது அவள் அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனதைப் பார்த்திருப்போம். பிறகு எப்படி மறக்கும்?

கல்யாண வீட்டு அரிசி என்றால் துணியின் முடிச்சுக்குள் ஒரு மஞ்சள் துண்டை வைத்துக் கட்டித் தருவார்கள். அரைத்து முடித்ததும் அதே மஞ்சளை மறுபடி முடிந்து கொடுக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருத்தர் அரைத்த மாவில் கொஞ்சம் எப்போதும் மெஷினுக்குள் தங்கிவிடும். அடுத்தவர் மாவோடு அது வந்து விழும். அதனால் பெண்கள் டின்னைக் கீழே வைக்கும் முன்பே கேட்பார்கள்: "முன்னால ஓடுனது யாரு மாவு?" வளைகாப்பு வீட்டு மாவு என்றால் முகம் மலர்ந்துவிடும். சண்டைக்காரி வீட்டு மாவு என்றால், "இன்னொருத்தர் அரைக்கட்டும், நான் பொறவு வாரேன்" என்று சுவரோரம் நிற்பார்கள்.

துக்க வீட்டு அரிசியை மட்டும் எல்லோரும் போன பிறகு கடைசியில் அரைப்போம். அரைத்ததும் ஒரு பிடி அரிசியைப் போட்டு மெஷினை ஓடவிட்டு, விழுந்த மாவை அள்ளி வெளியே கொட்டிவிடுவோம். மெஷின் கழுவுவது என்று அதற்குப் பேர். துக்க வீட்டுக்காரர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமலே ஒதுங்கி நிற்பார்கள்.

பந்த்ரா தின்

ஒரு நாள் காலையில் லாரியில் தகரத் தடுப்புகள் வந்து இறங்கின. சிமெண்ட் ரோடு போடப் போகிறார்களாம். பொய் சொல்லக் கூடாது, எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். எதிர்க்கடை சலூன்காரர் பேடா வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன்.

முதலில் சாக்கடைக்காகத் தோண்டினார்கள். மூடினார்கள். பிறகு தண்ணீர்க் குழாய்க்காக அதே இடத்தைத் தோண்டினார்கள். மூடினார்கள். கேபிளை மறந்துவிட்டார்களாம், மறுபடியும் தோண்டினார்கள். சோறு வடித்த பிறகு அரிசி களைவது மாதிரி ஒரு வேலை.

வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு சூப்பர்வைசர் இருந்தார், வடக்கத்திக்காரர். எப்போது முடியும் என்று கேட்டால், "பந்த்ரா தின், ஆன்ட்டி" என்பார். பதினைந்து நாள். வெயிலில் கேட்டபோதும் பதினைந்து நாள், மழை பிடித்த பிறகு கேட்டபோதும் பதினைந்து நாள். உங்கள் காலண்டரில் அதற்கு மேல் தாளே கிடையாதா என்று ஒரு நாள் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டுவிட்டேன். சிரித்தார். அவரும் சம்பளத்துக்கு நிற்கிறவர், மேலே சொல்வதை இங்கே வந்து சொல்கிறார். அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது? இருந்தாலும் கோபப்பட்டேன்.

எங்கள் தொழிலுக்கு வருஷத்தில் ஒரு சீசன்தான். மழைக்கு முன்னால், நல்ல வெயில் காயும்போது, வீட்டுக்கு வீடு மிளகாயும் மல்லியும் வறுத்துக்கொண்டு வருவார்கள். நம் ஆட்களுக்குக் குழம்புப் பொடி, மராட்டிக்காரர்களுக்கு மசாலா, வருஷம் முழுவதுக்கும் சேர்த்து. அப்போதெல்லாம் எங்கள் வாசலில் நிற்கிறவர்கள் தும்முவது தெருமுனை வரைக்கும் கேட்கும். தோண்டிப் போட்ட அந்த வருஷம் தும்முவதற்கு ஆள் இல்லை.

ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் முதலில் நின்றார்கள். பக்கத்து ஆட்கள் தாதருக்குப் போகும்போது பாக்கெட் பொடி வாங்கிவர ஆரம்பித்தார்கள். பேடா கொடுத்த சலூன்காரர், ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஷட்டரை இறக்கினார். அவர் திரும்பி வரவேயில்லை. அந்த ஷட்டர் மேல் படிந்த புழுதியில் யாரோ விரலால் ஒரு மீசை வரைந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செம்பூரில் இருக்கும் என் தம்பி வந்து பார்த்தான். "அத்தான், அங்கன ஒரு இடம் வாடகைக்கு இருக்கு. மெஷினத் தூக்கிட்டு வந்துருங்க" என்றான்.

"ரோடு முடிஞ்சா எல்லாரும் திரும்ப வருவாவ. வரும்போது நாம இங்கன இருக்கணும்லா" என்றார் இவர்.

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. ரோடு முடிகிற வரைக்கும் மில் தாங்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே கவலை அதுதான்.

பலகை

பள்ளத்துக்கு மேல் ஒரு பலகையைப் போட்டுவிட்டு, இதுதான் உங்கள் வழி என்று சொல்லிவிட்டார்கள். இளசுகள் தாவிக் குதித்து வந்துவிடும். தலையில் டின்னோடு ஒரு நடுவயதுப் பெண் எப்படி வருவாள்? பாதி தூரம் வந்து, கீழே பார்த்து, பயந்து திரும்பிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் இவர் அந்த ஏற்பாட்டைச் செய்தார். தெருமுனை டீக்கடையில் டின்னை வைத்துவிட்டுப் போனால் போதும். இவரே போய் எடுத்துவருவார், அரைப்பார், மறுபடி டீக்கடையில் கொண்டுபோய் வைப்பார். கூலி அதே கூலி.

எனக்கு மனசில்லை. எங்கள் பெண்கள் மாவு விழும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள். சூடு பதமாக இருக்கிறதா என்று விரலில் தொட்டுப் பார்ப்பார்கள். முன்னால் யார், பின்னால் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். கண்ணில் பாராத மாவை வீட்டுக்கு எடுத்துப் போவது அவர்களுக்குப் புதுசு. ஆனாலும் சிலர் டின்னை வைத்துவிட்டுப் போனார்கள். "அண்ணாச்சி கைப்பட அரைச்சா சரி" என்றார்கள். அந்த நம்பிக்கையில்தான் மில் ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்காலச் சாயங்காலம் என்று தொடங்கினேனே, அன்றைக்கு இரண்டு டின் வந்திருந்தது. ஒன்று முத்துலட்சுமியுடையது. அவள் மகளுக்குக் கல்யாணம், பலகாரத்துக்குக் கடைசியாக ஒரு டின் அரிசி. மஞ்சள் பூப்போட்ட சேலைத் துணியில் கட்டி, முடிச்சில் மஞ்சள் வைத்திருந்தாள். இன்னொன்று பின்கல்லிச் சந்துப் பேச்சியம்மாவுடையது. அவளுடைய ஒரே மகன் முருகேசன் நெடுநாள் நோயில் கிடந்து போய்ச் சேர்ந்திருந்தான். கல்யாண வயசு. பெண் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது படுத்தவன். மறுநாள் அவனுக்குக் காரியம். படையலுக்கு முறுக்கு சுட அரிசி அனுப்பியிருந்தாள். நீலத் துணி.

இவர் ஒழுங்காகத்தான் அரைத்தார். முதலில் கல்யாண அரிசி, கடைசியில் துக்க வீட்டு அரிசி. பிறகு மெஷினைக் கழுவினார். முடிச்சில் மஞ்சளை வைத்தார், நான் பார்த்தேன். ஈர மாவு ராத்திரி தாண்டினால் புளித்துவிடும். அதனால்தான் அந்த மழையில் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பலகையில் ஏறினார்.

மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. துணிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது. ஆனால் பள்ளத்திலிருந்து எடுத்தபோது மஞ்சள் துணியும் நீலத் துணியும் ஒரே நிறமாக இருந்தன. சேற்று நிறம். டீக்கடை வாசலில் இரண்டு வீட்டு ஆட்களும் குடையோடு காத்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

முடிச்சில் இல்லாத மஞ்சள்

கொஞ்ச நேரத்தில் முத்துலட்சுமி வந்தாள். ஒரு நாளும் அந்தப் பலகையில் கால் வைக்காதவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டின்னோடு நடந்து வந்தாள்.

"மைனி, முடிச்சுல மஞ்சள் எங்க?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு அது சுலபம்.

"சேத்துல விழுந்திருக்கும். அவரே விழுந்து எந்திரிச்சு வந்திருக்காரு, காலைப் பாரு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்து, "பேச்சியம்மா வீட்டு அரிசியும் இன்னைக்குத்தான் அரைச்சீகளாமே, அண்ணாச்சி?" என்றாள்.

நான் கண்ணைக் காட்டினேன். விழுந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருந்தால் ஒரு பாவமும் இல்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன்.

"விழுந்திருக்கலாம் தாயி. மாறியும் போயிருக்கலாம். எனக்குத் தெரியல" என்றார் இவர்.

"தெரியலன்னா எப்படி அண்ணாச்சி? எம்மக தாலி கட்டிக்கிடப் போறா."

வேறு அரிசி கொடு, இப்போதே அரைத்து வீட்டுக்கே கொண்டுவருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். திரும்பிப் போகும்போது பலகையின் நடுவில் நின்று, டின்னைக் கவிழ்த்து, மாவு முழுவதையும் பள்ளத்தில் கொட்டினாள். தண்ணீர் மேல் கொஞ்ச நேரம் வெள்ளையாகக் கிடந்து, பிறகு கரைந்து போனது. நான் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் ஈரத் துணியோடு பேச்சியம்மா வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "அவ முடிச்சுல மஞ்சள் இருந்துச்சான்னு கேட்டீகளா?" என்றேன்.

"உள்ள முறுக்கு சுட்டுக்கிட்டு இருக்கா. ஒத்தையில இருந்து அழுதுக்கிட்டே சுடுதா. என்னன்னு போய்க் கேக்க?" என்றார்.

அதற்குப் பிறகு டீக்கடை வாசலில் டின்கள் குறைந்தன. யாரும் வந்து சண்டை போடவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. கோயிலில் பார்த்தால் நன்றாகத்தான் பேசினார்கள். டின்னை மட்டும் வேறு பக்கம் தூக்கிப் போனார்கள். ஒரு நாள் டீக்கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்த இவர், மெஷின் பெல்ட்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். மிளகாய் மெஷினை அந்தத் தீபாவளிக்கு முன்னால் விற்றோம். அது இருந்த இடத்தில் தரை மட்டும் சிவப்பாக இருந்தது. எத்தனை கழுவியும் போகவில்லை. நான் அங்கே ஒரு பாயை விரித்து மூடினேன்.

உசந்த ரோடு

அடுத்த கோடை முடியும் நேரத்தில் ரோடு முடிந்தது. தகரங்களை ஏற்றிக்கொண்டு லாரி போனது. சூப்பர்வைசர் வந்து, "ஹோ கயா, ஆன்ட்டி" என்றார். முடிந்துவிட்டதாம். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். நல்ல ரோடுதான். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் உசரம்! முன்பெல்லாம் ரோட்டிலிருந்து ஒரு படி ஏறினால் எங்கள் மில். இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். முதல் மழைக்கே தண்ணீர் வழி கேட்காமல் உள்ளே வந்தது. மெஷினுக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கினோம். ரோட்டில் பைக்குகள் பறக்கின்றன. அந்த வேகத்தில் போகிறவர்களுக்குக் கீழே குழிக்குள் ஒரு மில் இருப்பது எங்கே தெரியப் போகிறது?

"வருவாவ" என்று இவர் தினமும் விளக்குமாற்றோடு படியில் நிற்பார். ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். வராதவர்கள்தான் அதிகம். தாண்டிப் போகப் பழகியவர்களைத் திரும்ப வரவைப்பது கஷ்டம்.

கடைசியில் நின்றவள்

மழை தூறிய ஒரு சாயங்காலம், இரண்டு பெண்கள் அரைக்க நின்றபோது, பேச்சியம்மா டின்னோடு படியிறங்கி வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வருகிறாள். ஆள் பாதியாக இருந்தாள். மற்றவர்களைப் பார்த்ததும் சொல்லாமலே சுவரோரம் ஒதுங்கினாள்.

"அவுகளுக்கு மொதல்ல அரைங்க, அண்ணாச்சி. முருகேசனுக்கு நாளைக்கு வருசம். முறுக்குக்குத்தான் கொண்டாந்தேன்" என்றாள்.

அந்த இரண்டு பேருக்கும் அரைத்தாயிற்று. தூறல் வலுத்ததால் அவர்கள் போகாமல் படியோரம் நின்றார்கள். பேச்சியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, அன்னைக்கு எனக்கு வந்தது கல்யாண வீட்டு மாவுதான்" என்றாள்.

மெஷின் நின்றிருந்தது. எல்லோர் காதிலும் விழுந்தது.

"முடிச்ச அவுத்ததும் மஞ்சள் கையில விழுந்துச்சு. யாரு வீட்டுதுன்னு எனக்குத் தெரியாதா? திருப்பிக் குடுக்கணும்னு எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்தேன். பொறவு நெனச்சேன், எம்புள்ளைக்கு இனிமே எங்கிருந்து கல்யாண மாவு வரப் போகுது? அதுலயே சுட்டு அவன் படத்துக்கு முன்னால வச்சிட்டேன். அண்ணாச்சி வந்து வாசல்ல நின்னதும் தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காமப் போயிட்டாவ."

பிறகு, "மஞ்சள் அவன் படத்துக்குக் கீழதான் இருக்கு. முத்துலட்சுமி கேட்டா குடுத்திருதேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாக வந்தது. மிளகாய் மெஷின் போனது, பேர் போனது, இவர் வெறுங்கையோடு திரும்பி வந்த நாட்கள் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று வாயெடுத்தேன். எடுத்துவிட்டு யோசித்தேன். சொல்லியிருந்தால் மட்டும் என்ன? துக்க வீட்டுக்குப் போய்த் திரும்பிய மாவு என்று முத்துலட்சுமி அதையும் கொட்டியிருப்பாள். எங்களுக்கு ஒன்றும் மாறியிருக்காது. இவளுக்குத்தான் அந்த ஒரு டின் மாவும் இல்லாமல் போயிருக்கும். அழுகை வந்துவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

இவர் எழுந்து போய் சுவிட்சைப் போட்டார். பேச்சியம்மாவின் அரிசியை அள்ளிப் போட்டு, மாவு சூடாகாமல், பார்த்துப் பார்த்து அரைத்தார். முடிந்ததும் மெஷின் கழுவ வழக்கம்போல ஒரு பிடி அரிசிக்குக் கை நீட்டினார்.

"இருங்க" என்றேன். மச்சுக்கு ஏறிப் போய், மறுநாள் புட்டுக்காக ஊறவைத்து வடித்திருந்த எங்கள் வீட்டு அரிசியை எடுத்துவந்து அப்படியே மெஷினில் கொட்டினேன்.

பேச்சியம்மா பதறி எழுந்தாள். "வேண்டாம் யக்கா. எம்மாவு உள்ள தங்கியிருக்கும்லா."

"தங்கட்டும்" என்றேன்.

படியோரம் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மழை விட்டதும் டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருந்த கொஞ்சமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, செய்ததற்கு வருத்தப்படவில்லை.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும், அவர்களில் ஒருத்தி டின்னோடு படியில் நின்றாள். பேரனுக்குக் காதுகுத்தாம். டின்னை இடுப்பிலிருந்து இறக்காமல் கேட்டாள்.

"முன்னால ஓடுனது யாரு மாவு, மைனி?"

நேற்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள் அவள். இவர் பெல்ட்டைச் சரிபார்ப்பது மாதிரி குனிந்துகொண்டார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காதை இங்கேதான் வைத்திருந்தார்.

"பேச்சியம்மா மாவு. அதுக்குப் பொறவு எங்க வீட்டு மாவு. நடுவுல கழுவல" என்றேன்.

அவள் டின்னை இடுப்பில் ஒரு தரம் ஏற்றிப் பிடித்தாள். பிறகு இரண்டு படியும் இறங்கி வந்து, டின்னைக் கீழே வைத்து, துணியை அவிழ்த்தாள்.